ராயப்பேட்டையில் ஓர் அறை: பண்டிதர், நரசு, சிங்காரவேலர்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏழாயிரம்பண்ணையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அயோத்திதாசப் பண்டிதரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்திருப்போம். பாதிப் பேர் சாத்தூர், சிவகாசி பக்கம் கல்லூரிக்குப் போகிறவர்கள். மீதிப் பேர் ஆறு நாளும் தீப்பெட்டி ஆபீஸுக்கும் பயர் ஆபீஸுக்கும் போய்விட்டு, கிடைக்கிற ஒரு நாள் லீவில் துணி துவைத்து, தண்ணீர் பிடித்து, அதற்குப் பிறகு வந்து உட்காருகிறவர்கள். பி.ஏ. இரண்டாம் வருஷம் படிக்கிற ஒரு தங்கை திடீரென்று கேட்டாள்: "ஏக்கா, பண்டிதர் நம்ம ஊர்ல பிறந்திருந்தா என்னக்கா ஆகியிருப்பாரு?"

பக்கத்திலிருந்த தம்பி ஒருவன் சட்டென்று சொன்னான்: "வைத்தியர் ஆகியிருப்பாரு. காலனிக்குள்ள மட்டும் வைத்தியம் பாத்துருப்பாரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு அந்தச் சிரிப்பு நிற்கவில்லை, கேள்வி மட்டும் நின்றது. சமூகவியல் முதுகலை படித்த எனக்கு அன்றைக்கு ஒரு பதிலும் சொல்லத் தெரியவில்லை. அந்தத் தங்கைக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில்தான் இந்தக் கட்டுரை.

சிந்தனையாளர் என்றால் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறவர் என்று நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். போதி மரத்தடியில் ஒருவர், பாறை மேல் ஒருவர். பண்டிதரின் வாழ்க்கையை வாசித்தால் அது எவ்வளவு பெரிய பாதிப் பொய் என்று தெரியும். அவருடைய சிந்தனை நண்பர்களுக்கு நடுவில் வளர்ந்தது. அந்த நண்பர்கள் சந்திப்பதற்கு ஒரு நகரம் இருந்தது. நகரத்தில் ஓர் அறை இருந்தது.

சென்னைக்கு வந்த வழி

பண்டிதர் 1845 மே 20 அன்று பிறந்தார். வீட்டில் வைத்த பெயர் காத்தவராயன். அவருக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்றுக்கொடுத்த ஆசிரியர் அயோத்திதாசக் கவிராஜ பண்டிதர். அந்த ஆசிரியரின் பெயரையே மாணவர் தன் பெயராக எடுத்துக்கொண்டார். ஊரும் சாதியும் திணிக்கிற பெயரைச் சுமந்து நடக்கிற நமக்கு, தனக்கு அறிவு தந்தவரின் பெயரைத் தானே தேர்ந்துகொள்வது எவ்வளவு பெரிய காரியம் என்று விளக்க வேண்டியதில்லை.

சென்னையோடு அவர் குடும்பத்துக்கு இருந்த உறவு பழையது. தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியிடம் பட்லராக வேலை பார்த்தார் என்றும், அவர் கொடுத்த திருக்குறள் ஓலைச்சுவடிகள் எல்லிஸ் துரையின் கைக்குப் போய் அச்சாயின என்றும் பண்டிதர் எழுதியிருக்கிறார். துரை வீட்டுச் சமையலறைக்கும் தமிழ் நூல் அச்சுக்கும் நடுவே இப்படி ஒரு சந்து இருந்தது. அந்தச் சந்தில் நடந்து போனவர் நம் ஆள்.

இளமையின் பெரும் பகுதியை அவர் நீலகிரியில் கழித்தார். அங்கே அத்வைதம் பேசினார், சபை வைத்தார். எல்லாம் பிரம்மம் என்றால் சாதி எங்கிருந்து வந்தது என்பதுதான் அன்றைக்கு அவர் வைத்திருந்த கேள்வி. 1891இல் திராவிட மகாஜன சபையைத் தொடங்கினார். அந்த வருடம் டிசம்பர் 1 அன்று நீலகிரியில் மாநாடு கூட்டித் தீர்மானங்கள் போட்டார்.

அடுத்த வருடம், 1892இல், சென்னை விக்டோரியா டவுன் ஹாலில் மகாஜன சபைக் கூட்டம் நடந்தது. நீலகிரிப் பிரதிநிதியாகப் பண்டிதர் போனார். விஷ்ணு கோயிலும் சிவன் கோயிலும் எல்லோருக்கும் பொது என்கிறீர்களே, அப்படியானால் எங்களை ஏன் உள்ளே விடுவதில்லை என்று கேட்டார். கூட்டம் கொந்தளித்தது. சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்ல, உங்களுக்குத்தான் மதுரைவீரனும் கருப்பண்ணனும் காட்டேரியும் இருக்கிறார்களே என்று ஒரு சாஸ்திரி எழுந்து கத்தினார். அப்படியானால் உங்கள் சாமி எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் எங்களுக்குத் தரிசு நிலமும் கொடுங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்டார். இதைப் பின்னாளில் அவரே எழுதி வைத்திருக்கிறார்.

சென்னை ஒன்றும் சொர்க்கம் இல்லை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. நாகரிகம் பேசுகிற கனவான்கள் நிறைந்த மண்டபத்தில்தான் அவருக்கு இந்த அவமானம் நடந்தது. ஆனாலும் அவர் நகரத்தை விட்டுப் போகவில்லை. ராயப்பேட்டையில் மருத்துவம் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கினார். 1914இல் சாகும் வரைக்கும் அவருடைய வேலையின் மையம் அந்தப் பேட்டைதான்.

ஏன் தங்கினார்? அவமானப்படுத்திய அதே நகரத்தில்தான் அவருக்கு வேண்டிய மூன்றும் இருந்தன: அச்சகம், துறைமுகம், நண்பர்கள்.

அறைக்குள் வந்தவர்கள்

1898இல் பண்டிதர் கர்னல் ஆல்காட்டைப் போய்ப் பார்த்தார். ஆல்காட் அமெரிக்கர், பிரம்மஞான சபையின் தலைவர், அடையாறில் இருந்தவர். ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக 1894 முதல் சென்னையில் பள்ளிகள் நடத்தி வந்தார். எங்கள் முன்னோர் பௌத்தர்கள், நாங்கள் எங்கள் பழைய சமயத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் பண்டிதர் அவரிடம் வைத்த கோரிக்கை. அப்படிப் பள்ளி ஒன்றின் தலைமையாசிரியர் கிருஷ்ணசாமியும் பண்டிதரும் ஆல்காட்டோடு கொழும்புக்குக் கப்பல் ஏறினார்கள். அங்கே சுமங்கல நாயக்க மகாதேரர் முன்னிலையில் பஞ்சசீலம் ஏற்றார்கள். திரும்பி வந்ததும் ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கியது.

இந்தச் சங்கத்தில்தான் நான் சொல்லும் அறை இருந்தது. அதற்குள் வந்துபோன இரண்டு பேரை நாம் நன்றாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒருவர் பேராசிரியர் லட்சுமி நரசு. 1861இல் பிறந்தவர், தெலுங்கு வீட்டுப் பிள்ளை. பச்சையப்பன் கல்லூரியில் இயற்பியல் கற்பித்தவர். சோதனைச்சாலையில் நிரூபிக்க முடியாததை நம்பத் தயங்குகிற மனம். அந்த மனத்தோடுதான் அவர் புத்தரிடம் வந்தார்.

இன்னொருவர் சிங்காரவேலர். 1860இல் பிறந்தவர், மயிலாப்பூரை அடுத்த கடற்கரைக் குப்பத்தில் மீனவச் சமூகத்திலிருந்து எழுந்து வந்தவர். பட்டம் படித்து வக்கீல் ஆனவர். கடற்கரைச் சாலையில் இருந்த தன் வீட்டிலேயே பௌத்தக் கூட்டங்களை நடத்தியவர். டார்வினையும் ஸ்பென்சரையும் வாசித்துவிட்டு வந்து தமிழில் விளக்கக்கூடிய மனிதர் அன்றைய சென்னையில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்!

இப்போது மூவரையும் ஒன்றாக உட்கார வைத்துப் பாருங்கள். ஒருவர் ஓலைச்சுவடியும் நிகண்டும் படித்த, தீண்டப்படாதவர் என்று ஊர் சொன்ன சித்த வைத்தியர். ஒருவர் ஆங்கிலக் கல்லூரியின் இயற்பியல் பேராசிரியர். ஒருவர் மீனவர் வீட்டில் பிறந்த வக்கீல். ஒரே சாதி இல்லை. வீட்டு மொழிகூட ஒன்றில்லை. ஒருவரின் படிப்பு இன்னொருவருக்கு இல்லை. 1900 வாக்கில் தமிழ்நாட்டின் எந்தக் கிராமத்துத் திண்ணையில் இவர்கள் மூவரும் சரிசமமாக உட்கார்ந்திருக்க முடியும்? நம் ஊரில் அன்றைக்கு ஜமீன் இருந்தது. அந்தத் திண்ணையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அறையின் சக்தி என்னவென்று அறிய வேண்டுமானால் திரு.வி.க.வின் வாழ்க்கைக் குறிப்புகளைப் படியுங்கள். சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கை கால் முடங்கும் நோய் வந்தது. குணப்படுத்தியவர் ராயப்பேட்டை அயோத்திதாசப் பண்டிதர். அந்தப் பையனே வளர்ந்து தீவிர சைவனாகி, பௌத்தக் கூட்டங்களில் குழப்பம் செய்யப் போகிறவர்களோடு போனான். போன இடத்தில் பரிணாமம் பற்றிய பேச்சைக் கேட்டு அவன் மனம் அசைந்தது. பின்னாளில் திரு.வி.க.வும் சிங்காரவேலரும் சென்னைத் தொழிலாளர் இயக்கத்தில் ஒரே பக்கம் நின்றார்கள். கலகம் செய்ய வந்தவனையும் உட்கார வைத்துப் பேசிய கூட்டம் அது. இன்றைக்கு நம் கூட்டத்துக்கு அப்படி ஒருவன் வந்தால் என்ன செய்வோம்? படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டு அனுப்பிவிடுவோம்.

1907: ஒரே வருடம், இரண்டு எழுத்து

1907ஆம் வருடத்தைத் தோழர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த வருடம் ஜூன் 19, புதன்கிழமை, ராயப்பேட்டையிலிருந்து பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' முதல் இதழ் வந்தது. நாலு பக்கம், பெயரில் உள்ள காசுதான் விலை. அடுத்த வருடம் பெயர் 'தமிழன்' என்று சுருங்கியது. அதே 1907இல்தான் லட்சுமி நரசு ஆங்கிலத்தில் எழுதிய 'பௌத்தத்தின் சாரம்' என்ற நூலும் வெளிவந்தது.

ஒரே வட்டம், ஒரே வருடம், ஒரே புத்தர். ஆனால் இரண்டும் இரண்டு திசையில் போன எழுத்துகள்.

நரசுவின் புத்தகம் உலகத்தோடு பேசியது. அவருடைய பௌத்தத்தில் ஆன்மா இல்லை, அற்புதம் இல்லை, சாதி இல்லை. பகுத்தறிவுக்கு ஒத்து வராதது புத்தர் சொன்னதாக இருக்க முடியாது என்ற அளவுகோலை வைத்துக்கொண்டு அவர் எழுதினார்.

பண்டிதரின் பத்திரிகை சேரியோடு பேசியது. மணிமேகலையையும் திருக்குறளையும் ஔவையையும் அவர் பௌத்தத்தின் பக்கமிருந்து வாசித்தார். நாம் கொண்டாடுகிற பண்டிகைகளை ஒவ்வொன்றாக எடுத்து, அதன் அடியில் ஒரு பௌத்த நினைவு புதைந்திருக்கிறது என்று காட்ட முயன்றார். தீபாவளியைப் பற்றி அவர் எழுதியதை எங்கள் வட்டத்தில் வாசித்தபோது பயர் ஆபீஸுக்குப் போகிற தோழர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். எள்ளிலிருந்து நெய் எடுக்கலாம் என்று பௌத்தர்கள் கண்டுபிடித்ததையும், அதைத் தேய்த்துக் குளித்துப் பார்த்ததையும் கொண்டாடிய நாள்தான் தீபாவளி என்பது அவர் விளக்கம். நரகாசுரனும் இல்லை, பட்டாசும் இல்லை. "அப்ப நம்ம பொழப்பு?" என்று ஒரு அண்ணன் கேட்க, வெடித்துச் சிரித்தோம்.

இந்த விளக்கங்களை இன்றைய வரலாற்றாய்வாளர் ஒவ்வொன்றாக ஒப்புக்கொள்வாரா என்றால் மாட்டார். சொல்லை உடைத்து வரலாறு எடுக்கும் பண்டிதரின் முறை பல இடங்களில் நிற்காது. ஆனால் அவர் செய்த வேலை வேறு. உனக்கு வரலாறே இல்லை என்று சொல்லப்பட்ட மக்களிடம், நீ கும்பிடுகிற சாமியிலும் நீ தேய்க்கிற எண்ணெயிலும் உன் வரலாறு இருக்கிறது என்றார். தாழ்ந்தவன் என்று உன்னைச் சொல்கிறார்களே, நீ தாழ்த்தப்பட்டவன் என்றார். இந்தச் சொல் மாற்றத்தில் ஒரு அரசியலே இருக்கிறது.

இப்போது கேள்வி இதுதான். அந்த இயற்பியல் பேராசிரியர் எள்நெய்க் கதையைக் கேட்டு என்ன சொல்லியிருப்பார்?

சண்டையும் சேர்ந்ததுதான் நட்பு

முரண்பாடு வந்தது. வராமல் இருக்குமா? நரசுவும் சிங்காரவேலரும் பகுத்தறிவுக்குப் பொருந்தும் பௌத்தத்தைக் கேட்டார்கள். மறுபிறப்பு போன்ற நம்பிக்கைகளைக் கேள்வி கேட்டார்கள். பண்டிதருக்கோ மக்களின் நினைவிலும் மரபிலும் வேர்விட்ட பௌத்தம் வேண்டும். சிங்காரவேலர் பக்கம் மகாபோதி சங்கம், பண்டிதர் பக்கம் சாக்கிய சங்கம் என்று இரண்டு இடங்களில் கூட்டம் நடந்தது. உறவில் உரசல் வந்தது. அரசியலிலும் பாதைகள் பிரிந்தன. சுதேசி இயக்கத்தைப் பண்டிதர் கடுமையாக விமர்சித்தார். சாதி ஒழியாத சுயராஜ்யம் யாருக்கு என்று கேட்டார். சிங்காரவேலர் பின்னாளில் காங்கிரசுக்குள் போய், அங்கிருந்து பொதுவுடைமைக்குப் போனார்.

குடும்பத்துக்குள்ளும் இதே கதைதான். இரட்டைமலை சீனிவாசன் பண்டிதருக்கு மைத்துனர். 1893இல் 'பறையன்' என்ற பெயரிலேயே பத்திரிகை தொடங்கியவர் அவர். எந்தப் பெயரால் இழிவு செய்கிறார்களோ அந்தப் பெயரையே நிமிர்ந்து சொல்ல வேண்டும் என்பது அவர் வழி. அந்தப் பெயரே நம் மேல் ஒட்டப்பட்டது, நாம் பூர்வ பௌத்தர்கள் என்பது பண்டிதர் வழி. இந்த விவாதம் இன்றைக்கும் நம் இயக்கங்களுக்குள் முடியவில்லை.

ஆனால் பண்டிதர் 1914 மே 5 அன்று மறைந்த பிறகு நடந்ததைப் பாருங்கள். அவரோடு முரண்பட்ட லட்சுமி நரசு அந்த இயக்கத்தைக் கைவிடவில்லை. கோலார் தங்கவயல், பெங்களூர், திருப்பத்தூர் என்று விரிந்திருந்த பௌத்த சங்கங்களை ஒன்றாகப் பிடித்து, தென்னிந்திய பௌத்தத்தின் தலைமகனாக 1934இல் மறையும் வரை நின்றவர் அவர்தான். 1922இல் சாதியைப் பற்றியே ஒரு தனி நூல் எழுதினார். தமிழன் பத்திரிகையைக் கோலார் தங்கவயல் தோழர்கள் மறுபடியும் எடுத்து நடத்தினார்கள். சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் செங்கொடி ஏற்றி, இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். இன்றைக்கு நம் ஊர் பயர் ஆபீஸ்காரர்களுக்கு மே 1 லீவு என்றால், அந்தக் கயிற்றின் ஒரு நுனி ராயப்பேட்டைப் பௌத்தக் கூட்டங்களில் கட்டியிருக்கிறது.

நரசுவின் புத்தகம் இன்னும் தூரம் போனது. அதன் மூன்றாம் பதிப்பு 1948இல் வந்தபோது முன்னுரை எழுதியவர் யார் தெரியுமா? பாபாசாகேப் அம்பேத்கர். பௌத்தம் பற்றி அதுவரை வந்த நூல்களில் இதுவே சிறந்தது என்று பரிந்துரைத்தார். எட்டு வருடம் கழித்து, 1956 அக்டோபர் 14 அன்று, நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு அவர் பௌத்தம் ஏற்றார். ராயப்பேட்டையில் பேசியதால்தான் நாக்பூர் நடந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பாபாசாகேப் வந்த பாதை நீண்டது, அவருடையது. ஆனால் அந்தப் பாதையில் அவர் கையில் எடுத்த புத்தகங்களில் ஒன்று, நம் பண்டிதரோடு உட்கார்ந்து வாதாடிய ஒரு மனிதர் எழுதியது.

பரோடாவில் கிடைக்காத அறை

அறை, அறை என்று ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். பாபாசாகேப்பின் வாழ்க்கையிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன்.

1913இல் அவர் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்கே ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியரிடம் படித்தார். ஜனநாயகம் என்பது அரசாங்க முறை மட்டுமல்ல, மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் கலந்து வாழும் முறை என்ற டூயியின் சிந்தனையைப் பாபாசாகேப்பின் எழுத்தில் கடைசிவரை பார்க்கலாம். அந்த நகரத்தில் அவர் எங்கே உட்காருகிறார், எந்தத் தம்ளரில் குடிக்கிறார் என்று யாரும் கேட்கவில்லை.

பிறகு லண்டனிலும் படித்துவிட்டு 1917இல் பரோடா சமஸ்தானத்தில் வேலைக்குப் போனார். தங்க இடம் இல்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சிப் பெயரைச் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் தடிகளோடு ஆட்கள் வந்து வெளியே போகச் சொன்னார்கள். இரண்டு நண்பர்களிடம் போய்க் கேட்டார். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவர். இருவருமே ஏதோ ஒரு காரணம் சொன்னார்கள். வேலைக்காரர்கள் போய்விடுவார்கள், வீட்டில் மனைவி ஒப்புக்கொள்ள மாட்டாள் என்ற மாதிரி. பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு அவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்.

பேச்சில் நண்பர்களாக இருந்தவர்கள்தான் அந்த இரண்டு பேரும். ஆனால் அந்த நட்புக்கு ஓர் அறையின் கதவைத் திறக்கிற தைரியம் இல்லை. பண்டிதரின் நண்பர்கள் வேறு. அவர்கள் பண்டிதரின் சங்கத்துக்கே வந்தார்கள், தங்கள் வீட்டுக் கதவையும் திறந்தார்கள். சமத்துவம் பேசுகிற நண்பர் நமக்கு எத்தனையோ பேர் இருக்கலாம். அவர் வீட்டில் நாம் எதுவரை போக முடிகிறது, நம் தெருவுக்கு அவர் எத்தனை முறை வந்திருக்கிறார் என்பதுதான் கணக்கு.

அறைக்குள் யார் இல்லை?

பண்டிதரைக் கொண்டாடும்போது இதையும் பேசியாக வேண்டும். பறையர்களைப் பூர்வ பௌத்தர்கள், சூழ்ச்சியால் தாழ்த்தப்பட்டவர்கள் என்று அவர் எழுதினார். அதே கையால் சக்கிலியர், குறவர் முதலியவர்களை அந்தக் கணக்கில் சேர்க்காமல், இயல்பிலேயே தாழ்ந்தவர்கள் என்று வேறாகப் பிரித்தார். இந்தப் பக்கங்களை நாங்கள் வாசித்த நாளில் எங்கள் வட்டத்தில் அருந்ததியர் தெருவிலிருந்து வருகிற இரண்டு தங்கைகள் இருந்தார்கள். வாசித்தவன் பாதியில் நிறுத்திவிட்டான். "படிங்கண்ணே, இது எங்களுக்குப் புதுசில்ல" என்று அவர்களில் ஒருத்தி சொன்னாள்.

அன்றைக்கு எங்களில் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவள் சொன்னது பண்டிதரை மட்டுமல்ல, எங்களையும் சேர்த்துத்தான். நம் பக்கத்தில் பள்ளர், பறையர், அருந்ததியர் என்று மூன்று தெரு இருக்கிறது. மூன்று தெருவும் ஒரே பயர் ஆபீஸ் வண்டியில்தான் ஏறுகிறது. விபத்து நடந்தால் ஒரே பிணவறை வாசலில்தான் நிற்கிறது. 2021 பிப்ரவரியில் நம் பக்கத்து அச்சன்குளத்தில் வெடித்தபோது பார்த்தோம். ஆனால் ஒரு தெருக்காரர் வீட்டில் இன்னொரு தெருக்காரர் சாப்பிடுவது இன்றும் அபூர்வம்.

ஒரு பெரிய மனிதரின் அறையிலும் கதவு முழுதாகத் திறந்திருக்கவில்லை என்றால், அதைத் திறப்பது அவரைப் படிக்கிறவர்களின் வேலை. அவரைத் தூக்கி எறிவதும் சரியில்லை. அந்தப் பக்கங்களை மறைத்து வைப்பதும் சரியில்லை. நரசு அவரோடு முரண்பட்டும் அவருடைய வேலையைத் தொடர்ந்த மாதிரி நாமும் தொடர வேண்டும்.

அந்தத் தங்கையின் கேள்விக்கு

பண்டிதர் இறந்த பிறகு பல பத்தாண்டுகள் தமிழ்நாட்டின் பொது வரலாறு அவரை மறந்தே போனது. பாடப் புத்தகத்தில் இல்லை, மேடையில் இல்லை. கோலார் தங்கவயலிலும் சென்னையிலும் சில பௌத்தக் குடும்பங்களும், அன்பு பொன்னோவியம் போன்றவர்களும்தான் பழைய தமிழன் இதழ்களைக் காப்பாற்றி வைத்திருந்தார்கள். ஞான. அலாய்சியஸ் அவற்றைத் தொகுக்க, 1999இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' முதல் தொகுதிகள் வந்தன. எங்கிருந்து தெரியுமா? சென்னையிலிருந்து இல்லை. பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையத்திலிருந்து. சாத்தூரில் பஸ் ஏறினால் மத்தியானத்துக்குள் போய்ச் சேர்ந்துவிடுகிற ஊர். சென்னை மறந்த சென்னைக்காரரை மறுபடி அச்சில் கொண்டுவந்தது நம் பக்கம். இன்றைக்குத் தாம்பரம் தேசிய சித்த மருத்துவமனைக்கு அவர் பெயர் இருக்கிறது. 2023இல் கிண்டியில் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். இதெல்லாம் அந்தத் தொகுதிகளுக்குப் பிறகு வந்தவை.

தங்கையே, பண்டிதர் நம் ஊரில் பிறந்து நம் ஊரிலேயே இருந்திருந்தால், அந்தத் தம்பி சொன்ன மாதிரி காலனிக்குள் வைத்தியம் பார்த்திருப்பார். அறிவில் குறை வந்திருக்காது. வாதாட ஆள் இருந்திருக்காது. அவருக்குச் சமமாக உட்கார்ந்து, அவர் சொல்வதை மறுத்து, மறுநாளும் வந்து உட்காருகிற ஒரு நரசு, ஒரு சிங்காரவேலர் இங்கே கிடைத்திருக்க மாட்டார்கள். நகரம் அவருக்குக் கொடுத்தது அதைத்தான். கிராமத்தை விட்டு நகரத்துக்குப் போங்கள் என்று பாபாசாகேப் ஏன் சொன்னார் என்பதையும் இதோடு வைத்து யோசி.

ஆனால் எல்லோரும் போக முடியாது. போகிறவர்கள் போகட்டும், படிக்கட்டும். இருக்கிறவர்கள் என்ன செய்வது? நகரம் என்பது கட்டடமும் டிராமும் மட்டுமல்ல. வேறு தெருக்காரரும் வேறு படிப்புக்காரரும் சரிசமமாக உட்காருகிற ஓர் அறை எங்கே இருக்கிறதோ, அங்கே கொஞ்சம் நகரம் இருக்கிறது.

அந்த அறை சும்மா கிடைக்காது என்பது எனக்குத் தெரியும். எங்கள் வட்டம் முதலில் கடைத்தெருவில் ஒரு மாடி அறையில்தான் கூடியது. சுவரில் பாபாசாகேப் படம் மாட்டிய மூன்றாவது வாரம், வீட்டுக்காரர் வெள்ளையடிக்க வேண்டும் என்று சாவியைக் கேட்டார். வெள்ளையடித்த மாதிரி இன்றுவரை தெரியவில்லை. இப்போது எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தாழ்வாரத்தில் உட்காருகிறோம். மழை பெய்தால் சாரல் அடிக்கும். ஆனால் மழைக்காலத்தில்தான் பயர் ஆபீஸ் லீவு, கூட்டமும் அப்போதுதான் அதிகம்.

போன வாரம் ஒரு முடிவு எடுத்தோம். இனி ஒரு வாரம் எங்கள் தெரு, அடுத்த வாரம் அருந்ததியர் தெரு. டீயும் அந்தந்தத் தெருவில், அந்தந்த வீட்டுத் தம்ளரில். இரண்டு பேர் இதில் உடன்படாமல் எழுந்து போனார்கள். அவர்களும் திரும்பி வருவார்கள் என்று நம்புகிறேன். வந்தால் உட்கார இடம் இருக்கும்.

வருகிற ஞாயிறு நரசுவைப் பேசப் போகிறோம். வருகிறவர்கள், உங்களோடு எப்போதும் சண்டை போடுகிற ஒரு நண்பரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஜெய்பீம்.